கலையும் ஊன்றிய திருவடியும்

சிவமயம்

சென்ற திங்கள் பாடம் முடிந்து அன்பர்கள் எழுந்து சென்றபின் ஒருவர் மட்டும் தூணோரத்தே நின்றார். எம்மிடம் சிவஞான சித்தியார் சுபக்கம் கேட்டு வருபவர். திருநீற்றிலும் திருமுறையிலும் ஆழ்ந்த பற்றுடையவர். அவர்தம் மகளார் அமெரிக்க நாட்டிலே ஒரு கல்லூரியில் நடனம் பயில்கின்றாராம். நம் நாட்டுப் பரதம் அன்று. அந்நாட்டார் நவீன நடனம் என வழங்குவது. 'என் உள்ளத்தில் இருப்பதை என் உடலாற் சொல்லக் கற்கின்றேன். எனக்கு இதுவே வழிபாடு' என்று மகளார் கடிதம் எழுதியிருந்தார். அதனை எம் கையிற் கொடுத்து, "ஐயா, இதற்குச் சித்தாந்தம் யாது கூறும்? யான் அவளுக்கு என்ன விடை எழுதுவேன்?" என்றார். உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. ஒரு திங்கள் தவணை கேட்டோம். அவருக்குச் சொல்லக் கருதியதை ஈண்டு அன்பர் யாவர்க்கும் சொல்லப் புகுகின்றோம்.

எளிய விடைகள் இரண்டு எம் நாவில் முதற்கண் எழுந்தன, இரண்டனையும் விழுங்கினோம். 'ஆடலும் பாடலும் ஐம்புலன் நுகர்ச்சியே. விட்டொழிக' என எழுதச் சொல்லுதல் ஒன்று. 'கூத்தப்பெருமான் ஆடுகின்றான், ஆடுவார் அனைவரும் அவன் அடியாரே, வாழ்க' என எழுதச் சொல்லுதல் மற்றொன்று. முன்னதைச் சொல்லுவோர், சிதம்பரத்துக் கோபுர வாயில்களிலே நூற்றெட்டுக் கரணங்களும் கல்லில் ஆடி நிற்றலைக் கண்ணெடுத்துப் பாராதவர். பின்னதைச் சொல்லுவோர், பதியின் கூத்தையும் பசுவின் கூத்தையும் ஒன்றெனக் கொண்டு முப்பொருளுண்மையையே கைவிட்டவர். அப்பெண் எழுதியதோ இவ்விருவர் கைக்கும் அகப்படாதது. உள்ளத்தில் இருப்பது யாது, அதனைச் சொல்லுவது யார், சொல்லியபின் விளைவது என்னை என்னும் மூன்று வினாக்கள் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கிக் கிடக்கின்றன.

அந்நடனம் யாதென முதலில் அறிதல் வேண்டும். ஐரோப்பிய அரசவைகளில் வளர்ந்து வந்த நடனம் பாலே எனப்படும். அதில் மகளிர் முனை தடித்த காலணி பூண்டு, கால்விரல் நுனியில் நின்று, நிலத்தொடு தமக்குத் தொடர்பே இல்லாதார் போல மிதந்து காட்டுதல் பெருஞ்சிறப்பாகக் கருதப்பட்டது. அதன் அருமையை யாம் குறை கூற வந்திலேம். ஆயினும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பெண்மணிகள் சிலர்க்கு அது போதாதாயிற்று. அவருள் முதல்வர் இசடோரா டங்கன் அம்மையார். இவர் 1877-ல் சான் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்தவர். கொழும்பில் நம் ஆனந்த குமாரசாமியவர்கள் பிறந்ததும் அவ்வாண்டே. அம்மையார் காலணியைக் கழற்றியெறிந்தார். இறுக்கிய உடையை நீக்கி, பண்டைக் கிரேக்கர் சிலைகளிற் காணும் தளர்ந்த ஆடையை உடுத்தார். வெறுங்காலுடன் மேடையில் ஆடினார். இன்று இஃது எளிதாகத் தோன்றும். அன்று பலர் முகஞ் சுளித்தனர்.

அவர்தம் வாழ்க்கை வரலாற்று நூலில் ஒரு செய்தி உண்டு. அசைவெல்லாம் எங்கிருந்து பிறக்கின்றது என்று அறியவேண்டி, இரு கைகளையும் மார்பின்கீழ் வயிற்றின் மேற்புறத்தே மடக்கி வைத்து, நாழிகைக் கணக்கில் அசையாது நிற்பாராம். அந்நிலை கண்டு அவர் அன்னையார் அஞ்சுவதும் உண்டாம். ஆடுதற்கு வந்தவர் ஆடாமல் நின்றார் என்பதை அன்பர்கள் கருதுதல் வேண்டும். அசைவுக்கு மூலம் முதுகெலும்பின் அடியிலன்று, நெஞ்சகத்தில் உள்ளது என்பதே அவர் கண்ட முடிபு. அம்மூலத்தை உயிர் என்றார். தில்லையை உலகின் இருதயத் தானம் என்றும், அவ்வாறே ஒவ்வோர் உயிரின் இருதயத்தும் ஐயன் ஆடுகின்றான் என்றும் கேட்டுப் பழகிய நமக்கு இச்செய்தி வியப்பையும் ஒருவகை ஏக்கத்தையும் தருகின்றது. வாயில் வரை வந்தவர் அவர்; உள்ளே நின்று உயிர்க்குயிராய் இயக்குவான் ஒருவனைக் காட்டுவார் அவர்க்கு வாய்த்திலர். 1913-ல் அவர்தம் மக்கள் இருவரும் மோட்டார் வண்டியொடு பாரிஸ் நகரத்து ஆற்றில் வீழ்ந்து இறந்தனர். பின்னாளில் 'தாய்' என்று ஒரு நடனம் அமைத்து ஆடினார். 1927-ல் அவரும் நீஸ் நகரிலே, கழுத்துத் துகில் வண்டிச் சக்கரத்திற் சிக்க, மாண்டார்.

நிற்க. கலை என்னுஞ் சொல்லைச் சிறிது நோக்குவோம். ஆடல், பாடல், ஓவியம் முதலியவற்றை யாவரும் கலை என்கின்றோம். நம் சாத்திரம் பயின்றார் இச்சொல்லைப் பிறிதோரிடத்தும் அறிவர். முப்பத்தாறு தத்துவங்களுள் வித்தியா தத்துவம் ஏழு: காலம், நியதி, கலை, வித்தை, அராகம், புருடன், மாயை என்பன. இவற்றுட் கலை என்பது, ஆணவ மலத்தால் முழுதும் மறைப்புண்டு கிடக்கும் உயிரின் கிரியா சத்தியை, அம்மலத்தைச் சிறிதே விலக்கி எழுப்புவது. அவ்வாறே வித்தை அறிவையும், அராகம் இச்சையையும் எழுப்பும். நிவிர்த்தி முதலிய ஐந்து கலைகள் வேறு. அவற்றொடு இதனை மயங்கற்க. இரண்டிடத்தும் ஒரு சொல்லே வழங்குவது தற்செயலோ அன்றோ என்பது சொல்லாராய்ச்சியாளர் வேலை. எமக்கு வேண்டுவது இத்துணையே: ஆணவ இருளிற் கிடக்கும் உயிர் ஒரு விரலைத் தானாக அசைக்கவும் மாட்டாது. அதனை அசைக்கவல்லதாக்கும் முதற்றிறப்பு யாது, அதற்கு நம் ஆசிரியர் இட்ட பெயர் கலை.

இனி, அப்பெண்ணின் முதல் வினாவுக்கு வருவோம். உள்ளத்தில் இருப்பது யாது? பெட்டியுட் பொன் இருத்தல் போல ஆயத்தமாய் ஒன்று உள்ளே இருக்க, அதனை எடுத்து வெளியே வைத்தலே கலை என்று நவீனர் பலர் கருதுகின்றனர். சித்தாந்தம் அவ்வாறு கருதாது. உள்ளே இருப்பது அறியும் ஆற்றலுடைய உயிர். அவ்வாற்றலை மூடி, செம்பிற் களிம்புபோல் அநாதியே உடனிருப்பது ஆணவம். எனவே கலைஞர் உள்ளிருந்து எடுப்பதன்று கலை; உள்ளே மூடிக் கிடந்தது சிறிது திறத்தலே கலை. திறத்தற்கு உதவும் உடலும், கருவிகளும், நிற்கும் நிலமும் அவ்வுயிர் தானாகச் செய்துகொண்டன அல்ல. மாயையினின்று இறைவன் கூட்டியளித்தன. விடியும் வரைக்கும் உதவும் விளக்காக மாயையை உமாபதி சிவாசாரியர் கூறினார். நவீன நடனத்தையும் யாம் அவ்விளக்கின் ஒளியாகவே காண்கின்றோம். விளக்கை அவமதிப்பான் இருளில் இடறுவான் என்பதையும், விளக்கைச் சூரியனென்பான் விடியலை வேண்டான் என்பதையும் இரு திறத்தாரும் கருதுவாராக.

இஃது ஏட்டுச் சுரைக்காய் எனப்படாமைப் பொருட்டு ஒரு நடனத்தை எடுத்துக்கொள்வோம். மார்த்தா கிரஹாம் அம்மையார் 1894-ல் பென்சில்வேனியாவிற் பிறந்து 1991-ல் மறைந்தவர். அவர் தந்தையார் மனநோய் மருத்துவர். ஒருவர் உடல் அசையும் முறை அவர் உள்ளத்தை மறைக்காது காட்டிவிடும் என அவர் மகளுக்கு இளமையிலேயே உணர்த்தினாராம். இதனைக் கேட்கும் தமிழர் வியவார். உடம்புக்கும் உண்மைக்கும் மெய் என ஒரு சொல்லையே வழங்குபவர் நாம். உள்ளத்து நிகழ்வது உடம்பில் தோன்றுதலைத் தொல்காப்பியனார் மெய்ப்பாடு என்றார். எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகை ஒன்று. அவ்வழுகைக்கு நிலைக்களன்களுள் இழவு ஒன்று.

அவ்விழவையே அம்மையார் ஆடினார். அந்நடனத்தின் பெயர் 'புலம்பல்' எனப் பொருள்படும். 1930 சனவரித் திங்கள் நியூயார்க்கில் முதன்முறை ஆடப்பட்டது. நான்கு நிமிடத்தளவே நிகழ்வது. ஒரு விசிப்பலகை, அதன்மேல் அமர்ந்த ஒரு பெண். இருமுனையும் திறந்த குழாய்ப்பை போன்ற ஊதா நிறத் துணியொன்று அவளை முழுதும் மூடியுள்ளது. முகமும் கைகளும் பாதங்களுமே புறத்தே தோன்றும். தொடக்கம் முதல் இறுதி வரை அவள் அப்பலகையை விட்டு நீங்குவதில்லை. உள்ளிருந்து முட்டுகின்றாள், இழுக்கின்றாள், சாய்கின்றாள். துணி கூர்ந்து நீண்டு கோணலாகி மீண்டும் சுருங்குகின்றது. தன் தோலுக்குள்ளேயே தான் விரிந்து தவித்தலைக் காட்டுவது அத்துணி என்பது அம்மையார் கருத்து. அவர் சைவ சித்தாந்தம் கற்றவர் அல்லர். அத்துணி ஆணவத்தைக் குறிக்குமென அவர் எண்ணினார் என்று யாம் எழுதினால் அது பொய். ஆயினும் ஆணவத்தின் மறைப்பைச் சொல்லும் பகுதியைப் பாடஞ் சொல்லும்போது எமக்கு அந்த ஊதாத் துணி நினைவுக்கு வருகின்றது. வாராமற் செய்ய எம்மால் இயலவில்லை.

ஒருநாள் அந்நடனம் முடிந்தபின் ஒரு பெண் அழுது சிவந்த கண்களோடு திரைப்புறத்தே வந்தாள் என அம்மையார் தம் நூலில் எழுதியுள்ளார். அவளுடைய ஒன்பது வயது மகன் அவள் கண்முன்னே சரக்கு வண்டி மோதி இறந்துபோனான். அன்று முதல் அவளுக்கு அழுகையே வரவில்லை; சுற்றத்தார் செய்த முயற்சிகளும் பயன்படவில்லை. அந்நடனத்தைக் கண்டபோதே கண்ணீர் பெருகிற்று. துயரம் இழிவன்று, தனக்கு மட்டும் உரியதுமன்று, தன் மகனுக்காக அழுதற்கு நாணவேண்டுவதில்லை என்று அப்பொழுதே அறிந்ததாகக் கூறினாளாம்.

அன்பர்களே, இங்குச் சற்று நிற்போம். தாய் ஒருத்தி மகனுக்காக அழமாட்டாது நின்றாள். இச்சையும் அறிவும் செயலும் மூன்றும் உறைந்து நின்றன. கேவலாவத்தையில் உயிர் எவ்வாறு கிடக்குமென நூல்கள் கூறுமோ அதன் சாயல் ஒரு மானுடத் தாயிடம் தோன்றிற்று. பிறள் ஒருத்தியின் உடல் மேடையிற் கோணியும் நிமிர்ந்தும் நின்ற அளவில் அவ்வுறைவு உடைந்தது. இதனைச் செய்தது யார்?

கிரஹாம் அம்மையார் செய்தார் எனல் உலக வழக்கு. சித்தாந்தம் அதனோடு நில்லாது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் ஒளியின் உதவியும், உயிர் உடன்நிற்றலும் இல்லாமல் அது காணாது. அவ்வாறே உயிர்க்கு அறிவிக்க அறியும் ஆற்றல் உண்டு, அறிவிப்பான் வேண்டும். அன்றிரவு அறிவித்தவன் எவ்வடிவில் நின்றான் என்பதைக் கூத்தப்பெருமான் திருமேனியே காட்டும். உடுக்கை படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீயேந்திய கை அழித்தலையும் குறிக்குமென யாவரும் அறிவர். திருவடிகளைப் பற்றி மட்டும் பலர் விரைந்து சொல்லிவிடுவர். தூக்கிய திருவடி அருளல்; அதனைப் பாடுவார் பலர். ஊன்றிய திருவடி மறைத்தல். அருளாளன் மறைப்பானேன் என்று மாணாக்கர் வினவாத ஆண்டில்லை.

ஊன்றிய திருவடியின்கீழ்க் கிடப்பவன் முயலகன். அவன் கொல்லப்பட்டிலன் என்பதை நோக்குக. மிதியுண்டு தலையெடுத்துக் கிடக்கின்றான். மலம் நித்தப் பொருளாதலின் அதன் வலியொன்றே கெடும். அது கெடுமளவும் உயிரை வினையிலும் நுகர்ச்சியிலும் ஈடுபடுத்தி, மலம் பழுக்கும் பருவத்தை எதிர்நோக்கி, தன்னைக் காட்டாது உடனிருத்தலே திரோதானம். மலத்தின் தொழிலை நடத்துதலால் அச்சத்தியையும் உபசாரமாக மலமென்று கூறினர். மெய்யாக நோக்கின் அதுவும் அருளே. பிள்ளையைத் தெருவிலே விளையாட விட்டு வாயிற்புறத்தே கதவுக்குப்பின் நிற்கும் தாய்க்கு அதனை ஒப்பிடலாம். மானுடர் சிரிப்பையும் அழுகையையும் சினத்தையும் உடலால் வெளியிடும் கலையெல்லாம் ஊன்றிய திருவடியின் எல்லையுள் நிகழ்வன என்பது எம் துணிபு. கால்விரல் நுனியில் மிதந்த நடனத்தை விடுத்து நவீனர் வெறுங்காலை நிலத்தில் ஊன்றினரே, அதுவும் இவ்வெல்லைக்கு ஒத்ததாகவே எமக்குத் தோன்றுகின்றது. அப்பெண் பெற்ற கண்ணீர் முத்தியன்று. ஆயினும் திருவருட்குப் புறம்பானதுமன்று.

அற்றேல், மகனைக் குறித்து அழுதல் பற்றன்றோ, பற்றினை வளர்க்கும் கலை பாசமன்றோ எனின், கூறுதும். பற்றுண்மை மறுக்கப்படாது. உறைந்த பற்று ஒன்று, உருகிய பற்று ஒன்று. உறைந்தது எப்பக்கமும் செல்லாது. உருகியது பள்ளம் கண்டவிடத்துப் பாயும். திருவாசகம் ஓதுவார் உருகுதல் வேண்டும் என்கின்றோம். தன் குழந்தைக்கு உருகமாட்டாத நெஞ்சு தில்லைக்கு மட்டும் உருகும் என்று எதிர்பார்த்தல் எங்ஙனம்? மாணவர்களிடம் இதனைச் சொல்லும்போதெல்லாம் மூத்த அன்பர் சிலர் எம்மோடு பிணங்குவர். பிணங்குக.

அற்றேல், வெளியிடுதல்தானே விடுதலையாம் எனின், அன்று. பாசி படர்ந்த குளத்திற் கல்லெறியின் பாசி விலகி நீர் தோன்றும். கல் அடியிற் சென்றதும் பாசி மீண்டும் கூடும். ஆடி முடித்த கலைஞர் பலரின் வாழ்க்கை வரலாறுகளைப் படிப்பார்க்கு இவ்வுவமை விளங்கும். அன்றியும், உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் இயல்பு. படிகம் அடுத்த நிறத்தைக் காட்டும். செம்மலரை அடுத்தாற் சிவப்பு, கருமலரை அடுத்தாற் கருமை. வெளியிடும் ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும், அது எதனைச் சார்ந்து நிற்கின்றது என்பதே கேள்வி.

இதற்கு ஜெர்மனி நாட்டு நிகழ்ச்சியொன்று சான்று. மேரி விக்மன் அம்மையார் அந்நாட்டு நவீன நடனத்துக்குத் தாய் எனத் தகுவார். 1914-ல் அவர் அமைத்த சூனியக்காரி நடனம் அழகையே கருதாது உள்ளத்தின் கருமையை அஞ்சாது காட்டிற்று. 1936-ல் பெர்லினில் ஒலிம்பிக் விளையாட்டு விழாவை இட்லர் ஆட்சியார் நடத்தினர். அதன் தொடக்கநாட் பெருங்காட்சியில் போரில் மாண்டார்க்குரிய புலம்பலை அமைத்தவர் விக்மன் அம்மையார். அவ்விழாவிற்குக் கிரஹாம் அம்மையாருக்கும் அழைப்புச் சென்றது. அந்நாட்டிற் கலைஞர் துன்புறுத்தப்படுகின்றனர், தம் குழுவினருட் பலர் யூதர் என்று காட்டி அவர் மறுத்துவிட்டார். இருவரும் பெருங்கலைஞர்; இருவரும் புலம்பலை ஆடியவர். ஒருவர் புலம்பல், பெற்ற மகனை இழந்த ஒருத்தியின் கண்ணைத் திறந்தது. மற்றவர் புலம்பல், மேலும் பல தாயரைப் புலம்பவைக்க இருந்த ஒரு கொடுங்கோலுக்கு அணியாய் நின்றது. விக்மன் அம்மையார் உள்ளம் பொய்த்தது என யாம் கூறவில்லை. பின்னர் அவ்வாட்சியார் அவரையும் ஒதுக்கினர் என்பதையும் மறைக்கவில்லை. உள்ளத்தை உண்மையாக வெளியிடுதல் ஒன்றே போதும் என்பார்க்கு இந்நிகழ்ச்சியைக் காட்டுகின்றோம். உண்மையாகவே வெளியிட்டார், சார்பு தவறிற்று.

இவ்விடர்ப்பாட்டை அந்நாட்டாருள்ளும் சிலர் வேறு வகையில் உணர்ந்தனர். கிரஹாம் அம்மையாரிடம் ஆடிய மெர்ஸ் கன்னிங்ஹாம் என்பவரும், அவர்தம் நண்பரான இசைவாணர் ஜான் கேஜ் என்பவரும், 'என் உள்ளம், என் துயரம்' என்னும் இந்த 'என்'னே நோய் என்று கண்டனர். கேஜ் அவர்கட்கு இக்கருத்து வலிமை பெற்றதற்கு 1946-ல் நியூயார்க்குக்குச் சென்ற அகமதாபாத்துக் கீதா சாராபாய் அம்மையாரும் ஒரு காரணர். இசையின் பயன் மனத்தை அடக்கித் தெய்வ அருட்கு இடமாக்குதல் என்று அவர் தம் ஆசிரியரிடம் கற்றதைச் சொன்னார். கேஜ் அதனை வாழ்நாள் முழுதும் நினைந்தார். ஆனால் அவர்கள் அதற்குக் கண்ட வழி விந்தையானது. அடுத்த அசைவு எது, அடுத்த ஒலி எது என்பதைக் காசு சுண்டிப் பார்த்து முடிவுசெய்தனர்! நடனம் எதனையும் வெளியிடவேண்டுவதில்லை, அசைவு அசைவாகவே இருக்கட்டும் என்றார் கன்னிங்ஹாம்.

நோயை அறிந்தமைக்கு அவரைப் போற்றுவோம். மருந்தில் மாறுபடுவோம். தற்போதத்தை ஒழித்தல் வேண்டும் என்பது நம் நூல்களின் உயிர்நிலை. ஆயினும் ஒழித்த இடத்தில் எதனை வைப்பது? காசு சடம். உயிர் சதசத்து, சத்தைச் சார்ந்தால் அதன் தன்மை எய்தும், அசத்தைச் சார்ந்தால் அதுவாய் அழுந்தும். 'யான்' என்பதைக் காசின்கண் ஒப்படைத்தவர், ஏற்பார் இல்லாத இடத்தில் ஒப்படைத்தவராவர். 'என் செயல் ஒன்றுமில்லை' என்று அடியார் கூறுவதற்குப் பொருள், செய்வார் எவருமில்லை என்பதன்று. செய்கின்றான் ஒருவன் உளன், யான் அவன் செயலுள் அடங்கி நிற்கின்றேன் என்பது. கன்னிங்ஹாம் 2009-ல் தொண்ணூறு வயதில் மறையும் வரை அந்நெறியை விடாது ஒழுகினார். அவர் நடனம் அமைதி தரும் என்பாருளர், அதனை மறுக்கவில்லை. உறக்கமும் அமைதி தருவதே.

பிறர் செய்ததைச் சொல்லி நம்மவர் செய்ததை மறைத்தல் நடுவுநிலைமையன்று. ஆதலின் சில சொல்லவேண்டியுள்ளது. சிகரெட்டு விளம்பரத் தாளொன்றில் எகிப்திய தெய்வத்தின் படத்தை 1904-ல் கண்டு உள்ளம் மாறிய ரூத் செயின்ட் டெனிஸ் அம்மையார், 1906-ல் ஐம்புலன்களை நுகர்ந்து பின் துறத்தலைப் பொருளாகக் கொண்டு 'ராதா' என்னும் நடனத்தை நியூயார்க்கில் ஆடினார். சிகரெட்டுத் தாள் குருவாக வந்தது என்று நகைப்பார் நகைக்கட்டும். திருவருள் எவ்வாயிலால் நுழையும் என்று யார் அறிவார்? அவர் கணவர் டெட் ஷான், கிறித்தவ போதகராதற்குப் படித்துக்கொண்டிருந்து, நோயால் உடல் முடங்க, அது தேறுதற்பொருட்டு ஆடத் தொடங்கியவர். இருவரும் 1925, 1926 ஆண்டுகளில் ஆசிய நாடுகளிற் சுற்றினர். நம் நாட்டுக்கும் வந்தனர். 1926-ல் ஷான், பெரிய திருவாசி வளையத்தின் நடுவே நின்று, சிவபெருமானது பிரபஞ்ச நடனம் என ஒன்றை ஆடினார்.

சிவநடனத்தின் பொருள் மேனாட்டார் பலர்க்கு எட்டியது ஆனந்த குமாரசாமியவர்களால். அவர்தம் புகழ்பெற்ற கட்டுரை 1918-ல் நியூயார்க்கில் நூலாக வெளிவந்தது; அதற்கு முன்பே, 1912-ல், சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகை என்னும் திங்கள் வெளியீட்டில் அது அச்சாயிற்று. சைவ சித்தாந்தத் திங்கள் இதழொன்றின் தாள்களிலிருந்து அக்கருத்துக் கடல் கடந்தது என்பதை நினைத்து நாம் மகிழலாம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்நாட்களில் நம் கோயில்களின் நிலை யாது? இராசராச சோழ தேவர் தஞ்சைப் பெருங்கோயிலுக்குப் பல தளிகளிலிருந்தும் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியேற்றினார். இன்ன தெரு, இன்ன சிறகு, இத்தனையாம் வீடு, இன்ன பெயருடையாள் என ஒவ்வொருவர் பெயரையும் கல்லில் வெட்டுவித்து, ஆளுக்கொரு பங்காக ஆண்டுதோறும் நூறு கலம் நெல் அளக்கச் செய்தார். அவ்வழியில் வந்தோரைப் பின்னாளிற் செல்வர் சிலர் இழிநிலைக்கு ஆளாக்கினர். ஆளாக்கியபின் இழிந்தோர் என்று பெயரும் இட்டனர். பொட்டுக் கட்டும் வழக்கைத் தடுக்க 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது. அதன் நோக்கம் நன்று. சிறுமியர் கேட்டினின்று காக்கப்பட்டனர். அதனை எதிர்த்தோர் பக்கம் யாம் நில்லேம். ஆயினும், வழக்கை நீக்கியவிடத்து அப்பெண்டிரின் கலைக்கும் பிழைப்புக்கும் வழி கண்டோமா? ஆடும் பெருமானது செப்புத் திருமேனியைக் கருவறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, அவன் சந்நிதியில் ஆடியவளைத் தெருவில் விட்ட சைவருள் நம் முன்னோரும் இருந்தனர்.

அம்மரபில் வந்தவர் தஞ்சாவூர் பாலசரசுவதி அம்மையார். 1918-ல் பிறந்தார், ஏழாம் வயதிற் காஞ்சியில் அம்பிகை கோயிலில் அரங்கேறினார். 1962-ல் அமெரிக்கா சென்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜேக்கப்ஸ் பில்லோ என்னும் நடன அரங்கில் ஆடினார். அவ்வரங்கை நிறுவியவர் முன்சொன்ன டெட் ஷான். அப்பொழுது முதியவராய் உயிரோடிருந்தார். வளையத்தினுள் நின்று சிவபெருமானைப் போல ஆடிப் பார்த்த ஒருவர் அமைத்த மேடையில், சிவபெருமானை நோக்கி ஆடும் மரபில் வந்த ஒருவர் ஆடினார்.

இவ்விரண்டின் வேறுபாட்டிலேதான் எம் அன்பருக்குரிய விடை அடங்கியுள்ளது. பாலசரசுவதி அம்மையார் 1975-ல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், பரதநாட்டிய நிகழ்ச்சியின் ஒழுங்கைக் கோயிலமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், அடுத்தடுத்து மண்டபங்கள், பதம் பாடும் இடம் கருவறை, தில்லானா கற்பூர ஆரத்தி. பதத்திலே ஆடப்படுவது யாது? தலைவி ஒருத்தியின் காதலும் ஊடலும் ஏக்கமும். அவற்றை நீக்கித் தூய்மை செய்கின்றோம் என்று வந்தோரோடு அம்மையார் உடன்படவில்லை. மானுட உணர்ச்சியை அவர் மறைக்கவில்லை, குறைக்கவுமில்லை. கருவறை வரை கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். கிரஹாம் அம்மையாரின் பெண் விசிப்பலகையில் அமர்ந்து தன் தோலினுள்ளே தவிக்கின்றாள். கேட்பார் எவரும் மேடையிற் குறிக்கப்படவில்லை. பதம் பாடும் தலைவியின் தவிப்பும் குறைந்ததன்று. ஆனால் அவளுக்குக் கேட்பான் ஒருவன் இருக்கின்றான், மறைந்து நின்றே கேட்கின்றான்.

அன்பர் குறித்த நாளில் வந்தார். மேற்கூறியவற்றைச் சுருக்கிச் சொன்னோம். "ஆயின் அவள் பயில்வதை விடச் சொல்லவோ?" என்றார். வேண்டா என்றோம். "அவள் அதனை வழிபாடு என்கின்றாளே, ஒப்பலாமோ?" என்றார். வழிபாட்டுக்கு வழிபடப்படுவான் வேண்டும். அவனை அவள் கருதி ஆடுகின்றாளோ, கருதாது ஆடுகின்றாளோ, அதனை நாம் ஈண்டிருந்து எவ்வாறு அறிவோம் என்றோம். கடிதத்தில் அடங்குவதன்று, நீரே சென்று அவள் ஆடுவதைக் காணும், கண்டபின், 'ஆடுங்கால் யாரைச் சார்ந்து நின்றாய், அம்மா?' என்று ஒன்றே ஒன்று கேளும். விடை உடனே வாராவிடின் வற்புறுத்தாது இரும் என்றும் சொன்னோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "எனக்கு அந்நடனம் விளங்காதே" என்றார். சரக்கு வண்டியில் மகனை இழந்த அப்பெண்ணுக்கும் நடன நூல் ஒன்றும் தெரிந்திருந்ததாக அம்மையார் எழுதவில்லை என்றோம்.

கடவுச்சீட்டுக்கு எழுதிப்போட்டிருக்கின்றார் எனச் சென்ற வாரம் கேள்வியுற்றோம். சித்தியார்ப் பாடம் அவர் திரும்பி வரும் வரை ஒன்பதாஞ் சூத்திரத்தில் நிற்கும்.

திருச்சிற்றம்பலம்